இடமிருந்து வீசும் காற்று

ஸ்ரீவில்லிபுத்தூர்
15 செப்டம்பர் 2025

அண்ணே,

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உதவி கேட்டு எழுதுகிறேன். அவ்வளவுதான்.

பயிற்சிப் பள்ளியிலிருந்து தகவல் வந்துவிட்டது. டிசம்பர் பதினெட்டாம் தேதி பயிற்சியாளர் என்னோடு விமானத்தில் ஏறிப் பார்ப்பார். குறுக்குக் காற்றில் இறக்கிக் காட்ட வேண்டும். திருப்தி என்றால் தொடர்ந்து பறக்கலாம். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அதுவரை வீட்டிலேயே பழக வேண்டும். என் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டுவிட்டேன். கைப்பிடியும் பெடலும் இல்லை. கீபோர்டைத் தட்டி ஓட்டினால் விரல்தான் பழகும். எனக்குப் பழக வேண்டியது கால். எந்தக் கால் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

பள்ளியில் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். தனியாகப் பறந்த மூன்றாவது நாள், இடப்பக்கமிருந்து திடீரென்று காற்று தள்ளியது, விமானம் புல்லுக்குள் போய்விட்டது, முன்சக்கரம் வளைந்துவிட்டது. எழுதிக்கொண்டார்கள். என்னை அழைத்துப் போக ரயில் நிலையத்துக்கு வந்த உன்னிடம் உண்மையைச் சொன்னேன். காற்று எப்போதும் போலத்தான் வீசியது. தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் வலது பெடலை அமுக்கி மூக்கை நேராக்க வேண்டும். கால் அமுக்கவில்லை. நான் சொன்னேன். அது கேட்கவில்லை.

நாலே நாளில் நீ அதை அப்பாவிடம் சொல்லிவிட்டாய். அப்பா சோற்றில் கை வைத்தபடி சொன்னார்: "துப்பாக்கி எடுக்கையில கை நடுங்குறவன நான் டூட்டியில கூட வச்சுக்கிட்டதில்ல. பயந்த புள்ளைய எப்படி மேல அனுப்புவேன்?"

போன் செய்யாதே. அணைத்து பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். வேகம் குறைந்து விமானம் விழப்போகும்போது உள்ளே ஒரு ஊளை கேட்கும். எந்த ரிங்டோன் வைத்தாலும் அதுதான் கேட்கிறது.

வீட்டுக்கும் வராதே. பக்கத்துத் தெரு சங்கையா அண்ணன் தினமும் உங்கள் கம்பெனிக்கு பஸ்ஸில் வருகிறாரே. அவரிடம் கொடுத்தனுப்பு.

யுவராணி


இராஜபாளையம்
23 செப்டம்பர் 2025

யுவராணிக்கு,

கைப்பிடி கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒருவர் கொஞ்ச நாள் வைத்திருந்து அலுத்துப்போய் விற்றார். சக்கரத்தைப் பாதியாக வெட்டியது போல இருக்கிறது. மேசை விளிம்பில் வைத்து அடியிலிருக்கும் திருகை முடுக்கு. ரொம்ப முடுக்காதே, பலகை பிளந்துவிடும்.

பெடலை நானே செய்தேன். கடையில் விற்பதெல்லாம் பிளாஸ்டிக். அழுத்தினால் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். இரும்புப் பட்டையில் அடித்தேன். கீல் கேட்டுக்குப் போடுவது. ஸ்பிரிங் எங்கள் கம்பெனியில் கட்டுத்துணி நெய்யும் காஸ் தறியில் கழித்தது. அரை மணி நேரம் மிதித்தால் கெண்டைக்கால் வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும். கீலுக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவு சென்சார் இருக்கிறது. உன் கால் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். தண்ணீர் படக் கூடாது.

பெடலைச் சுவரோடு அணைத்து வை. வயரைப் பின்பக்கம் குத்து. பிறகு இடது கடைசி வரை, வலது கடைசி வரை, மூன்று முறை மிதித்துவிட்டுக் காலை எடு. உன் கால் எம்புட்டுத் தூரம் போகும் என்று அது தெரிந்துகொள்ளும்.

சங்கையா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே பாண்டி, உந் தங்கச்சி பறக்கப் போறாளா, மாவாட்டப் போறாளா?" என்றார். கனம்தான். பார்த்து இறக்கச் சொல்.

அப்பாவிடம் சொன்னதைப் பற்றி எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். பொறவு எழுதுகிறேன்.

பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
4 அக்டோபர் 2025

அண்ணே,

எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆயுத பூசைக்கு அம்மா கைப்பிடிக்குச் சந்தனம் வைத்துவிட்டாள். இடது பட்டன் ஒட்டிக்கொண்டது. ஊசியால் சுரண்டி எடுத்தேன். பெடலுக்கும் வைக்க வந்தாள். தண்ணீர் படக் கூடாது என்று தடுத்தேன். குங்குமத்தை மட்டும் ஈரமில்லாமல் தூவிவிட்டுப் போனாள்.

அப்பா இந்த அறையைத் தாண்டும்போது எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நடக்கிறார்.

மதுரை ஓடுபாதையிலிருந்து கிளம்பி நம்ம ஊருக்கு வந்தேன். மலை இருக்கிறது. கண்மாய் இருக்கிறது. கோபுரம் இல்லை. அந்த இடத்தில் நாலு மரம், ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு கட்டத்தில் இது நம்ம ஊர்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். கோபுரம் அதன் இடத்தில்தான் நின்றது.

இப்போது முக்கியமான விஷயம். இடமிருந்து பதினைந்து நாட் வேகத்தில் காற்று வைத்து நேற்று முப்பத்தொரு முறை இறக்கினேன். முப்பத்தொன்றும் புல்லில்.

பட்டப்பகல். மர நாற்காலி. கீழே சிமெண்ட் தரை. விழுவதற்கு இடமே இல்லை. அது எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. தரை நெருங்குகிறது, முழங்காலுக்குக் கீழே எல்லாம் அணைந்துவிடுகிறது. கரண்ட் போவது மாதிரி.

கடைசி முறைக்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. திரையில் புல் மட்டும் தெரிகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா வந்து தோளைத் தொட்டபோது கத்திவிட்டேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள்.

நாளைக்கு உட்கார மாட்டேன் என்று நினைக்கிறேன்.

யுவராணி


இராஜபாளையம்
9 அக்டோபர் 2025

யுவராணிக்கு,

இதனுடன் ஒரு பென் டிரைவ். அதில் கோபுரம் இருக்கிறது. போட்டோக்களை வைத்து நானே கட்டினேன். ஐந்து நாள் ஆனது. உயரம் சரியாக இருக்கும். சிலைகள் கிட்டப் போனால் குழம்பித் தெரியும், தூரத்திலிருந்து பார்.

ஃபோல்டரை முழுவதும் காப்பி செய். பழைய செட்டிங்கை மாற்றவா என்று கேட்கும். ஆமாம் என்று கொடு. எல்லாவற்றுக்கும் ஆமாம் கொடு.

நாற்காலியை விட்டுவிடாதே.

பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
25 அக்டோபர் 2025

அண்ணே,

கோபுரம் வந்துவிட்டது. கண்மாயைத் தாண்டும்போது முதலில் உச்சி, பிறகு முழுவதும். தினமும் முதலில் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பி, அங்கே இறக்கி இறக்கிப் பழகுகிறேன். கோபுரத்தைத் தொட்டுவிட்டு இறங்கினால் நேராக இறங்குகிறது. சிரிக்காதே. பெடலில் கிடக்கும் குங்குமத்தைக்கூட நான் துடைக்கவில்லை.

பதினைந்து நாட் காற்று. வெள்ளைக் கோட்டின் மேல். நேற்று இருபத்திரண்டு முறை. ஒன்றுகூடப் புல்லுக்குப் போகவில்லை.

கால் அமுக்குவதே எனக்குத் தெரிவதில்லை. தானாக நடக்கிறது. பழக்கம் என்பது இதுதானோ என்னவோ.

பள்ளிக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். டிசம்பர் பதினாலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அப்பாவிடம் அம்மா சொன்னாள். அவர் பேப்பரைப் புரட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று இன்னும் எழுத வரவில்லை. ஆனால் நீ செய்த பெடல் நன்றாக இருக்கிறது.

யுவராணி


இராஜபாளையம்
6 நவம்பர் 2025

யுவராணிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

டிசம்பரில்தான் போக வேண்டுமா? ஜனவரிக்குத் தள்ளக் கேட்டுப் பார்க்கலாமே. ஒரு மாதம் கூடுதலாகப் பழகினால் நல்லதுதானே. காய்ச்சல் என்று எழுதலாம்.

இன்னொன்று. கெண்டைக்கால் வலிக்கிறதா? அந்த ஸ்பிரிங்குக்கு வலிக்க வேண்டும். இடது காலைவிட வலது காலில் கூடுதலாக வலிக்க வேண்டும். மறக்காமல் எழுது.

இங்கே மழை. தறி ஓடுகிறது. வேறு ஒன்றும் இல்லை.

பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
12 நவம்பர் 2025

அண்ணே,

நீயும் அப்பாவும் ஒன்றுதான். அவர் வெளிப்படையாகச் சொன்னார். நீ காய்ச்சல் என்று எழுதச் சொல்கிறாய்.

நான் எப்போது பயந்தாலும் உனக்கு ஒரு வேலை கிடைக்கிறது. பயப்படாவிட்டால் ஜனவரி, பிப்ரவரி என்று தள்ளச் சொல்கிறாய்.

கெண்டைக்கால் வலிக்கவில்லை. இரண்டும் வலிக்கவில்லை. உன் ஸ்பிரிங்கைவிட என் கால் கெட்டி. போதுமா?

இனிமேல் எழுதாதே.

யுவராணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 நவம்பர் 2025

அண்ணே,

எழுதாதே என்றேன். நானே எழுதுகிறேன். கையெழுத்து சரியாக வரவில்லை. சமாளித்துப் படி.

இன்று காலை பதினொரு முறை இறக்கினேன். பதினொன்றும் கோட்டின் மேல். சாப்பிடக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது பேனா விழுந்தது. எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தேன்.

பெடல் வயர் பிடுங்கிக் கிடந்தது.

ஓரமாக, சுருட்டிய மாதிரி. மேலே ஒட்டடை. அம்மாவைக் கேட்டேன். "தீவாளிக்குக் கூட்டுனேன்லட்டி, அன்னைக்கு ஏதோ காலத் தட்டுச்சு. எடுத்து ஓரமா வச்சேன்" என்றாள்.

தீபாவளி. நாற்பது நாள்.

நாற்பது நாளாக என் கால் எதோடும் சேரவில்லை. வெறும் இரும்பை மிதித்துக்கொண்டிருந்தேன். மிதித்தேனா என்பதும் தெரியாது. குனிந்து பார்த்தேன். வலது பெடலில் அம்மா தூவிய குங்குமம் அப்படியே இருக்கிறது. பூசை கழிந்து இரண்டு மாதம். காலே படவில்லை.

சாப்பிடவில்லை. வயரைக் குத்தாமல் மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டேன். பதினைந்து நாட், இடமிருந்து. தரை வந்தது. மூக்கு மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. நேராக இறங்கியது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அண்ணே, யார் அமுக்குவது?

யுவராணி


இராஜபாளையம்
1 டிசம்பர் 2025

யுவராணிக்கு,

நான்தான்.

சிமுலேட்டரில் உதவி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஓட்டத் தெரியாதவர்களுக்கு. அதில் ஒன்றைப் போட்டால் இறங்கும்போது பெடலால் திருப்பும் வால் சுக்கானை அதுவே பார்த்துக்கொள்ளும். கால் தேவையில்லை. கோபுரம் அனுப்பிய பென் டிரைவில் அதையும் போட்டு அனுப்பினேன். நீ கண்டுபிடிக்காமல் இருக்க அந்தப் பட்டியலை மறைத்தேன். வயர் கழன்றால் திரையில் எச்சரிக்கை வரும். அதையும் அணைத்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். காஸ் நூல் பஞ்சு மாதிரி. புதிதாக வரும் பெண்களுக்கு அறுந்துகொண்டே இருக்கும். அறுபட அறுபடக் கை பயந்துவிடும். பயந்த கையில் இன்னும் அறும். அப்போது நூலை இழுத்துப் பிடிக்கப் பாவு உருளையில் தொங்கும் எடையில் ஒன்றை ஃபிட்டர் கழற்றிவிடுவான். அந்தப் பெண்ணிடம் சொல்ல மாட்டான். சொன்னால் கை பழகாது. நூல் தளர்ந்து ஓடும், அறாது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பிறகு எடையைத் திரும்ப மாட்டுவான். அதையும் சொல்ல மாட்டான். பதினோரு வருடமாக ஃபிட்டராக நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒருத்திக்கும் தெரியாது.

சர்க்கரைத் தண்ணீர் என்று நீ எழுதியதைப் படித்ததும் கை அந்த வேலைக்குத்தான் போனது.

எடையைத் திரும்ப மாட்டத்தான் நினைத்தேன். உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூன்று பென் டிரைவ் தயார் செய்தேன். ஒவ்வொரு முறையும் சங்கையா கையில் கொடுக்கும் நேரத்தில் நீ நேராக இறங்குகிறேன் என்று எழுதியது நினைவுக்கு வரும். மறுபடி புல்லுக்குள் போவாய். மறுபடி கத்துவாய். கொடுக்கவில்லை. மூன்றும் அலமாரியில் கிடந்தன. டிக்கெட் போட்டுவிட்டாய் என்று தெரிந்ததும் காய்ச்சல், ஜனவரி என்று உளறினேன்.

அங்கே துணி தளர்ந்தால் கட்டு தளரும். வேறு கட்டு போட்டுக்கொள்வார்கள். இங்கே நீ.

அப்பாவிடம் ஏன் சொன்னேன் என்பதும் இதுதான். ரயில் நிலையத்தில் நீ சொன்னதிலிருந்து நான் கண்ணை மூடினால் இரண்டு ஆள் உயரம்தான் தெரிகிறது. நீ பயந்தாய் என்று சொன்னேன். நான் பயந்தேன் என்று சொல்லவில்லை.

மூன்று பென் டிரைவும் இதோடு. போகாதே என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. போ என்று எழுதக் கை வரவில்லை.

பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
13 டிசம்பர் 2025

அண்ணே,

பென் டிரைவ்களைத் திருப்பி அனுப்புகிறேன். திறக்கவில்லை. மறைத்திருந்த பட்டியலைத் தேடி எல்லாவற்றையும் நானே அணைத்தேன். எடை முழுவதும் ஒரே நாளில் மாட்டியாகிவிட்டது.

ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் ஒன்றுகூடக் கோட்டில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் கால் அமுக்கியது, ஆனால் தரை தொட்ட பிறகு. நான்காம் நாள் அழுதேன். ஐந்தாம் நாள் கொஞ்சம் முன்னால். நேற்று இருபது முறையில் எட்டு உள்ளே, பன்னிரண்டு புல்லில்.

வலது கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

எட்டு போதாது. தெரியும். நாளைக்கு ரயில். போகாமலிருந்தால் இந்த அறையில்தான் இருக்க வேண்டும், யாரோ அமுக்கிய அறையில். அது இதைவிடப் பயமாக இருக்கிறது.

ஒன்று முடிவு செய்துவிட்டேன். ஏறுவதற்கு முன்னால் பயிற்சியாளரிடம் சொல்வேன். போன முறை காற்று இல்லை, கால் என்று. அதற்காகவே பெயரை எடுத்தாலும் எடுக்கட்டும். நீ என்னிடம் மறைத்ததற்கு உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று யோசித்தேன். நான் அவர்களிடம் மறைத்ததும் அதே அளவு.

நாளையிலிருந்து நீ வீட்டுக்கு வரலாம். வந்தால் அந்த நாற்காலியில் உட்கார். பதினைந்து நாட் அப்படியே இருக்கிறது. உதவி ஒன்றும் கிடையாது. பெடல் செய்தாயே தவிர, ஒரு நாளாவது அதில் கால் வைத்து இறக்கிப் பார்த்தாயா?

விடுதி முகவரி பின்பக்கம்.

யுவராணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16 டிசம்பர் 2025

யுவராணிக்கு,

உன் அறையிலிருந்து எழுதுகிறேன். பதினெட்டுக்குள் இது உன் கைக்கு வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அம்மா கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் தோசை ஊற்றப் போனாள். நான் உட்கார்ந்தேன். எப்படி இறக்குவது என்பதெல்லாம் எனக்குப் பாடம். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே வந்தேன். தரை வந்தது. திரையிலிருக்கும் தரை. காலடியில் நான் செய்த பெடல்.

என் காலும் அமுக்கவில்லை.

நீ எழுதியது போலவேதான். முழங்காலுக்குக் கீழே கரண்ட் போய்விட்டது. புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே யாரும் இல்லாத உயரத்தில், தனியாக, நிஜமாக, நீ இதற்குள் இருந்திருக்கிறாய். அதை நான் நாலு வார்த்தையில் அப்பாவிடம் சொல்லி முடித்தேன்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "நவுரு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பிடியை லத்தி பிடிப்பது போலப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல இறக்கினார். புல்லுக்குள் போய்க் கவிழ்ந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினார்.

"அந்தப் புள்ள இதையவா தெனமும் செஞ்சுச்சு?"

ஆமாம் என்றேன். சாயங்காலம் வரை மூன்று முறை காலண்டரைப் போய்ப் பார்த்தார். நான் நாலு முறை.

உன் போன் பீரோவில்தான் இருக்கிறது. அப்பா எடுத்து சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். யாருக்குப் பேசப் போகிறார் என்று கேட்கவில்லை.

பாண்டிதுரை


பயிற்சிப் பள்ளி விடுதி
19 டிசம்பர் 2025

அண்ணே,

பெயரை எடுக்கவில்லை. தனியாகவும் விடவில்லை. இன்னும் பத்து முறை அவரோடு பறக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

ஏறுவதற்கு முன்னால் சொன்னேன். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எந்தக் கால் என்று மட்டும் கேட்டார்.

காற்று பன்னிரண்டு நாட். இடமிருந்து. முதல் முறை நான் தாமதம், அவர் அமுக்கினார். இரண்டாவதும் அவர்தான். மூன்றாவது முறை தரைக்கு வருவதற்கு முன் தன் இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துத் தரையில் வைத்துக் காட்டினார். பார்த்துக்கொள், நான் இல்லை என்றார். அவர் குரலிலும் ஏதோ இருந்தது. பயமாகவும் இருக்கலாம். கேட்கவில்லை.

கோபுரத்தை நினைத்தேன். நிஜத்தை இல்லை, நீ கட்டியதை. தரை வந்தது. மூக்கு வலப்பக்கம் திரும்பியது. கோடு நேரானது. சக்கரம் தொட்டது.

ஓடி முடித்து நின்றோம். அவர் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். அவருடைய காலணிகள் இரண்டும் தரையில் இருந்தன. வயர் எங்கே என்று ஒரு கணம் தேடினேன்.

போதும், காலை எடுக்கலாம் என்றார்.

விமானம் நின்றுவிட்டது. என் வலது கால் இன்னும் அமுக்கிக்கொண்டே இருந்தது. எடுக்கச் சொன்னேன். அது கேட்கவில்லை.

யுவராணி